முதலில் திடல், பிறகுதான் ஆள்

யூலையில் பிரித்தானியாவின் ஓபன் கோல்ஃப் போட்டி வாரம் தொடங்கினால், யார் வெல்வார் என்று எழுதிப் போட்டி வைக்கிற, கிளிநொச்சிக்கும் ஸ்காபுறோவுக்கும் இடையில் ஓடுகிற குடும்ப வட்ஸ்அப் குழுக்களில் திங்கட்கிழமையே ஆள் தெரிவு முடிந்துவிடும். "மச்சான், ஷெஃப்லரைப் போடு. மிச்சத்தை நீயே பாத்து எழுது." ஸ்கொட்டி ஷெஃப்லரைப் போடுவதில் பிழை ஒன்றுமில்லை. 2025 ஓபனை ரோயல் போர்ட்ரஷ் திடலில் பாருக்கு (திடலுக்கு விதித்த அடிகளின் எண்ணிக்கைக்கு) கீழே 17 எடுத்து, நாலு அடி வித்தியாசத்தில் வென்றவர். குறைந்த தரம் பந்தை அடித்து முடிக்கிறவருக்கே வெற்றி. கோளாறு அந்த மிச்சத்தில்தான் இருக்கிறது. அந்த இடங்களை நிரப்புகிற பெயர்கள் பெரும்பாலும் திரையில் அடிக்கடி கண்ட முகங்கள். எந்தத் திடல், என்ன புல், காற்று எப்படி, யார் எத்தனை மணிக்குத் தொடங்குகிறார் என்று பார்த்து எழுதுகிறவர் குறைவு.

முதல் ஃபேவரிட் எவ்வளவு உறுதி என்பதைக் கணக்காகப் பார்த்துவிடலாம். பந்தயப் பட்டியலில் ஒருவருக்கு 4/1 என்று போட்டிருந்தால், ஒன்றை ஐந்தால் பிரியுங்கள்: 20 சதவீதம். இதேபோல எல்லா ஆட்டக்காரருக்கும் கணக்குப் பார்த்துக் கூட்டினால் 100ஐத் தாண்டி நிற்கும். தாண்டுகிற பங்கு பட்டியல் போட்டவரின் இலாபம். ஆகவே உண்மையான வாய்ப்பு 20இலும் குறைவு. 156 பேர் இறங்குகிற போட்டியில் அது பெரிய எண்தான். ஆனாலும் ஐந்தில் நாலு தரம் கிண்ணம் வேறொருவர் கைக்குப் போகும். 2003இல் பென் கேர்ட்டிஸ் உலகத் தரவரிசையில் 396ஆம் இடத்திலிருந்து வந்து, தன் முதலாவது பெரிய போட்டியிலேயே (மாஸ்டர்ஸ், பிஜிஏ, யூ.எஸ். ஓபன், ஓபன் என்ற நாலும்தான் பெரிய போட்டிகள்) ஓபனை வென்றார். காசு வைக்கச் சொல்லி இதை எழுதவில்லை. அந்தப் பட்டியலை வாசிக்கத் தெரிந்தால் போதும்.

திடலில் இருந்து தொடங்க வேண்டியதன் காரணத்தைக் காட்ட ரோயல் பேர்க்டேலை விட நல்ல இடம் இல்லை. 2026 ஓபனுக்கான திடலும் அதுவே. இங்கிலாந்தின் வடமேற்கில், ஐரிஷ் கடலோரம் சவுத்போர்ட்டில் இருக்கிறது. கடலுக்கும் வயலுக்கும் நடுவில் கிடக்கும் மணல் தரவை அது. உயர்ந்த மணல்மேடுகளின் இடுக்கு வழியே ஃபெயர்வேகள் (கட்டையாக வெட்டிய புல் பாதைகள்) ஓடுகின்றன. 2008இலும் 2017இலும் அங்கே ஓபன் நடந்தது. இரண்டு முறையும் பார் 70, நீளத்திலும் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. 2008இல் பட்ரிக் ஹரிங்டன் பாருக்கு மேலே 3 எடுத்து வென்றார். 2017இல் ஜோர்டன் ஸ்பீத் கீழே 12 எடுத்து வென்றார். அதே புல், அதே குழிகள், 15 அடி இடைவெளி. 2008இல் நாட்கணக்காகக் காற்று அடித்தது. 2017இன் சனிக்கிழமை காற்று அடங்கிக் கிடந்தது. அன்றைக்குத்தான் பிராண்டன் கிரேஸ் 62 அடித்தார், ஆண்கள் பெரிய போட்டிகளில் எவரும் அதுவரை எட்டாத எண்.

2008இல் கவனிக்க வேண்டிய இன்னொன்று: மூன்று நாள் முடிவில் முன்னணியில் நின்றவர் கிரெக் நோர்மன், வயது 53. கடைசியில் மூன்றாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். காற்று கூடிய வாரத்தில் தூர அடிக்கு விலை குறைகிறது; பந்தைத் தாழ்வாக ஓட்டத் தெரிந்தவருக்கும், போகியை (ஒரு குழியில் பாரை விட ஒரு அடி கூட எடுப்பதை) ஏற்றுக்கொண்டு அடுத்த குழிக்குப் போகிற பொறுமைசாலிக்கும் விலை ஏறுகிறது. ஆகவே "பேர்க்டேலுக்கு யார் பொருத்தம்?" என்று கேட்பதே அரைக் கேள்வி. காற்றடிக்கும் பேர்க்டேலா, அடிக்காத பேர்க்டேலா என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

காற்றைப் பற்றிச் சொன்னால் வன்னியில் உடனே விளங்கும். சோழகம் வீசுகிற யூலையில் பரந்தனிலிருந்து பூநகரிப் பக்கம் சைக்கிள் மிதித்த ஒருவருக்கு, எதிர்காற்று பறிக்கிற அளவைப் பின்காற்று திருப்பித் தராது என்பது தெரியும். கோல்ஃப் பந்தும் அப்படித்தான். பொதுவாகப் பயன்படுத்துகிற கணக்கு இது: எதிர்காற்று மணிக்கு ஒரு மைலுக்கு ஒரு சதவீதம் தூரத்தைக் கூட்டுகிறது; பின்காற்று ஒரு மைலுக்கு அரைச் சதவீதம் மட்டும் குறைக்கிறது. 150 யார்ட் தூரத்துக் குழி 20 மைல் எதிர்காற்றில் ஏறக்குறைய 180 யார்டாக ஆட வேண்டியது. அதே வேகம் பின்னால் இருந்தால் 135. காரணம் பந்தின் பின்சுழற்சி. எதிர்காற்றில் அந்தச் சுழற்சி பந்தை மேலே தூக்கிவிடுகிறது, பந்து உயர்ந்து நின்று செங்குத்தாக விழுகிறது. பின்காற்றில் தூக்கும் விசை குறைவதால் பந்து முந்தியே இறங்கிவிடும், இறங்கியும் நிற்காது, ஓடும்.

இங்கேதான் கனபேர் பிழை விடுகிறார்கள், தொழில்முறை ஆட்டக்காரர்கள் உட்பட. எதிர்காற்றைக் கண்டதும் பலமாக அடிக்கிறார்கள். பலமாக அடித்தால் சுழற்சி கூடும், பந்து இன்னும் மேலே போகும், தூரம் இன்னும் குறையும். சரியான வழி இன்னும் தூரம் அடிக்கிற, எண்ணில் இரண்டு குறைந்த மட்டையை எடுத்து, பந்தைக் கொஞ்சம் வலக்கால் பக்கம் வைத்து, முக்கால் வீச்சில் தட்டுவது. ஒருவர் வியாழன் காலை முதல் நாலைந்து குழிகளில் எதிர்காற்றுக்கு என்ன செய்கிறார் என்று பார்த்தால், மிச்ச மூன்று நாளைப் பற்றி ஓரளவு சொல்லிவிடலாம்.

காற்று கடும் என்றால் கிரீன்களையும் (குழியைச் சுற்றி மழித்த புல்தரைகளையும்) மெதுவாக வைத்திருப்பார்கள். கிரீனின் வேகத்தை அளக்கிற கருவி ஸ்டிம்ப்மீற்றர், 36 அங்குல அலுமினியத் தண்டு. ஒரு நுனியை மெல்ல உயர்த்த, சுமார் 20 பாகைச் சாய்வில் பந்து தானாகவே உருண்டு இறங்கும். தட்டையான இடத்தில் அது எத்தனை அடி ஓடுகிறதோ அதுதான் எண். திரும்ப எதிர்த்திசையிலும் ஓட விட்டு இரண்டின் சராசரியை எடுப்பார்கள். யூ.எஸ். ஓபனில் 13, 14 என்று போகிற இந்த எண், கடலோர ஓபனில் பத்தைச் சுற்றியே நிற்கும். அதைத் தாண்டி வைத்தால் காற்றே பந்தை நகர்த்திவிடும். 2015இல் சென்ட் அன்ட்ரூஸில் அப்படித்தான் நடந்தது: சனிக்கிழமை நின்ற பந்துகள் கிரீனில் தாமாகவே உருண்டன, ஆட்டம் பத்து மணி நேரத்துக்கு மேல் நின்றது, போட்டி திங்கட்கிழமைதான் முடிந்தது. வேகமான கிரீனில் மட்டும் நன்றாகப் பட் (பந்தைக் குழிக்கு உருட்டும் அடி) அடிக்கிறவர் ஓபனில் பந்தைக் குழிக்கு முன்னமே நிறுத்தித் தலையில் அடிப்பதைப் பார்க்கலாம்.

அடுத்தது தொடங்கும் நேரம். பெரிய போட்டிகளில் முதல் இரண்டு நாள் ஆட்டக்காரர்களை இரண்டு அணியாகப் பிரிப்பார்கள்: ஒரு பாதி வியாழன் காலையும் வெள்ளி பின்னேரமும், மறு பாதி வியாழன் பின்னேரமும் வெள்ளி காலையும். யூ.எஸ். ஓபனிலும் பிஜிஏயிலும் 1ஆம் குழி, 10ஆம் குழி இரண்டிலிருந்தும் தொடங்குவதால் நேரம் சுருங்கும். ஓபனில் எல்லோரும் 1ஆம் குழியிலிருந்துதான். முதல் மூவர் அங்கே காலை 6.35 அளவில் இறங்குவார்கள், இலங்கையில் எங்களுக்கு அது 11.05. கடைசி மூவர் இறங்கும்போது இங்கே இரவு எட்டரை கடந்துவிடும். இவ்வளவு நீண்ட நாளில் காலையும் பின்னேரமும் வேறு வேறு காலநிலையாக இருப்பது சாதாரணம். 2010 சென்ட் அன்ட்ரூஸில் ரோரி மக்கில்ரோய் வியாழன் அமைதியில் 63 அடித்தார். வெள்ளி புயற்காற்றில் 80. ஒரே ஆள், ஒரே திடல், இருபத்துநாலு மணித்தியால இடைவெளி.

ஆகவே புதன்கிழமை இரவு செய்ய வேண்டியது: திடல் இருக்கிற ஊரின் மணித்தியால வாரியான காற்று முன்னறிவிப்பை எடுங்கள். சராசரி வேகத்தை விட்டு, வீச்சின் உச்ச வேகத்தைப் பாருங்கள். பிரித்தானியக் கோடை நேரத்துக்கு நாலரை மணி கூட்டினால் எங்கட நேரம். இரண்டு வெவ்வேறு முன்னறிவிப்புகள் ஒரே பாதிக்கு மணிக்குப் பத்து மைல் கூடச் சொன்னால், உங்கள் ஐந்து பேரில் மூன்று நாலு பேரை மற்றப் பாதியிலிருந்து எடுங்கள். இரண்டும் முரண்பட்டால் மூன்றும் இரண்டுமாகப் பங்கிடுங்கள். ஒரு வாரத்துக்கு முந்திய முன்னறிவிப்பை வைத்து ஆள் தெரிவதில் பிரயோசனம் இல்லை; கடலோரத்தில் அது இரண்டு நாளில் தலைகீழாகும்.

திடலை வாசிக்கும்போது மொத்த நீளத்தை விடப் பயனுள்ளது மணல் பங்கர்கள் இருக்கிற தூரம். ஓபன் திடல்களின் பங்கர்கள் ஆழமானவை. புற்கட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பிய சுவர் முன்னால் நிற்கும். சுவருக்கு அண்டிப் பந்து கிடந்தால் பக்கவாட்டில் தட்டி வெளியே எடுப்பதைத் தவிர வழியில்லை, ஒரு அடி போய்விட்டது. 2006 ஓபனில் ஹொய்லேக் திடல் வெயிலில் காய்ந்து கட்டாந்தரையாகக் கிடந்தபோது, டைகர் வூட்ஸ் 72 குழிகளில் ஒரே ஒரு தரம்தான் டிரைவர் என்ற அதிதூர மட்டையை எடுத்தார். எல்லா இடத்திலும் பங்கருக்கு முன்னாலேயே பந்தை நிறுத்தி, அங்கிருந்து நீள இரும்பு மட்டைகளால் கிரீனைப் பிடித்து, கீழே 18இல் வென்றார். அப்படியான வாரத்தில் தேட வேண்டிய ஆள் 175 முதல் 200 யார்ட் வரையான இரும்பு அடிகளில் வல்லவர். பங்கர் எப்படி வாரப்பட்டிருக்கிறது என்பதுகூடக் கணக்கில் வரும். 2023இல் ஹொய்லேக்கில் முதல் நாள் அடித்தளம் முழுவதும் தட்டையாக இருந்ததால் பந்துகள் சுவரோடு ஒட்டிக் கிடந்தன; முறைப்பாடு எழுந்ததும் ஓரங்களைச் சற்று உயர்த்தி வாரி, பந்து நடுவுக்கு உருள வைத்தார்கள்.

கடலோரத்தை விட்டு அமெரிக்காவுக்குப் போனால் பார்க்க வேண்டியது புல். பேர்முடா புல் என்று அங்கே சொல்வது எங்கட வரம்பிலும் முற்றத்திலும் படர்கிற அறுகின் இனம்தான், கலப்பினமாக்கி வளர்க்கிறார்கள். அறுகு ஒரு பக்கம் சாய்ந்து படரும் இயல்பு கொண்டது. கிரீனில் அந்தச் சாய்வோடு போகும் பட் ஓடும், எதிர்த்துப் போகும் பட் இழுபடும். ரஃபில் (ஃபெயர்வேக்கு வெளியே வளரவிட்ட புல்லில்) பந்து அடியில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும், மட்டையின் கழுத்தைப் புல் பிடித்துத் திருப்பும். தெற்கில் வளர்ந்து பழகியவருக்கு இது கை வந்த விசயம், ஐரோப்பாவிலிருந்து வருகிறவருக்குச் சில நாள் வேண்டும். ஓக்மண்ட் போன்ற வடபகுதித் திடல்களில் போவா என்ற புல். பின்னேரமானதும் பூங்கதிர் எழும்பி, குறுகிய பட்கூடத் துள்ளும். அங்கே காலையில் ஆடுகிறவருக்கு மெல்லிய அனுகூலம் உண்டு.

யூ.எஸ். ஓபன் வந்தால் "ஃபெயர்வே ஒடுக்கம், நேராக அடிக்கிற ஆளைப் போடு" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் 2020 விங்ட் ஃபூட்டில் பிரைசன் டிஷாம்போ 56 ஃபெயர்வேகளில் 23ஐ மட்டும் பிடித்து, ஆறு அடி வித்தியாசத்தில் வென்றார். பாருக்குக் கீழே முடித்த ஒரே ஆள் அவர். ஃபெயர்வே அளவுக்கு மீறி ஒடுங்கும்போது நேராக அடிக்கிறவரும் தவறுகிறார்; அப்போது இரண்டு பேருமே ரஃபில், ஆனால் தூர அடிக்கிறவர் கையில் வெட்ஜ் (கிட்டத்திலிருந்து பந்தை உயர்த்தி அடிக்கிற குறுகிய மட்டை), மற்றவர் கையில் 6ஆம் எண் இரும்பு. தடித்த புல்லை வெட்ஜ் வெட்டும், 6ஆம் இரும்பு வெட்டாது. ரஃப் எவ்வளவு உயரம், அதிலிருந்து வெட்ஜால் கிரீனை எட்ட முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியுமென்றால் பலசாலி. ஐந்து அங்குலப் புல்லில் பந்தை வெளியே தட்டுவது மட்டும்தான் முடியுமென்றால், 2025 ஓக்மண்ட் போல, நேர்த்திக்காரரும் போட்டியில் இருப்பார். அங்கே ஜே.ஜே. ஸ்போன் கீழே 1 எடுத்து வென்றார், கீழே முடித்தவர் அவர் மட்டும்தான்.

பைன்ஹேர்ஸ்ட் இரண்டாம் இலக்கத் திடல் இதற்கும் மாறானது. அங்கே உயர்ந்த ரஃபே இல்லை, மணலும் காட்டுப்புல்லும்தான். தண்டனை முழுவதும் கிரீனில். நடு உயர்ந்து நாலு பக்கமும் சரிந்த கிரீன்கள், சரியாக விழுந்த பந்தையும் ஓரத்தால் வழியவிடும். 2014 யூ.எஸ். ஓபனில் மார்ட்டின் கைமர் கிரீனுக்கு வெளியே கிடந்த பந்துகளை உயர்த்தி அடிக்காமல் பட்டரால் உருட்டியே சமாளித்து, எட்டு அடி வித்தியாசத்தில் வென்றார்.

மாஸ்டர்ஸ் மட்டும் ஒவ்வொரு சித்திரையும் ஒரே இடத்தில், ஒகஸ்டாவில். அதனால் பழைய முடிவுகளுக்கு இங்கே உண்மையான பெறுமதி உண்டு. முதல் தடவை வந்து வென்ற கடைசி ஆள் ஃபஸி சோலர், அது 1979. புது முகத்தை முதலிடத்துக்கு எழுதாதீர்கள். குழிகள் பல வலமிருந்து இடம் வளைவதால் இடக்கை ஆட்டக்காரரின் இயல்பான வளைவு பொருந்தும்: 2003இல் கனடாக்காரர் மைக் வியர் தொடங்கி 2014 வரை ஆறு பட்டங்கள் இடக்கையினருக்குப் போயின. (ரொறன்ரோ ஆக்கள் வியரின் பெயரை இன்றைக்கும் விடமாட்டார்கள்.) 12ஆம் குழி 155 யார்ட்தான், ஆனால் மரங்களுக்கு நடுவில் காற்று சுழல்கிறது, முன்னால் ஓடை. 2019 ஞாயிறு மொலினாரி, ஃபீனோ, கெப்கா, பூல்டர் நால்வரும் பந்தைத் தண்ணீரில் விட்டார்கள். வூட்ஸ் வலப்பக்கக் கொடியைப் பாராமல் நடுவுக்கு அடித்து, மூன்றில் முடித்து, பட்டத்தை எடுத்தார்.

இனி ஆட்கள். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் புரோடியின் கணக்குப்படி, மேல்மட்ட ஆட்டக்காரருக்கும் மற்றவருக்கும் உள்ள வித்தியாசத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் கிரீனை நோக்கிய அடிகளிலிருந்து வருகிறது. தொடக்க அடிக்கு 28, கிரீனைச் சுற்றிய சிறு அடிக்கு 17, பட்டுக்கு 15. தொழில்முறை ஆட்டக்காரரே எட்டடித் தூரத்திலிருந்து பாதியைத்தான் குழிக்குள் போடுகிறார். போன வாரம் ஒருவர் வென்றார் என்றால் முதலில் அந்த வெற்றி பட்டால் வந்ததா, இரும்பு அடியால் வந்ததா என்று பாருங்கள். இரும்பு அடித் திறன் வாரத்துக்கு வாரம் கூடவே வரும், பட் வராது.

பட் கிண்ணத்தைத் தராது என்று இதற்கு அர்த்தமில்லை. 2023இல் பிறையன் ஹார்மன் பத்தடித் தூரத்துக்குள் அடித்த 59 பட்டுகளில் 58ஐப் போட்டு, ஆறு அடி வித்தியாசத்தில் ஓபனை வென்றார். 2022 சென்ட் அன்ட்ரூஸ் கடைசி நாளில் மக்கில்ரோய் 18 கிரீனையும் பிடித்தும் 36 பட் அடித்து 70இல் நின்றார், கமரன் ஸ்மித் 64 அடித்து முந்திவிட்டார். முடிவைத் தீர்மானித்தது பட்தான், ஆனால் யாருக்கு அந்த வாரம் வாய்க்கும் என்று புதன்கிழமை இரவு எந்தத் தரவும் காட்டியிருக்காது. உலகத் தரவரிசையையும் அப்படியே நம்ப வேண்டாம். லிவ் என்ற புதுப் போட்டிச் சுற்றுக்குப் போய் ஆடியவர்களுக்கு 2022இலிருந்து பல ஆண்டுகள் புள்ளி கிடைக்கவில்லை. கீழே கிடந்த பெயர்கள்தான் 2023 பிஜிஏயையும் (கெப்கா) 2024 யூ.எஸ். ஓபனையும் (டிஷாம்போ) எடுத்தன. ஓபனுக்கு முந்திய வாரம் நடக்கும் ஸ்கொட்டிஷ் ஓபன் நல்ல முன்னோட்டம், மழை பெய்து தரை இளகியிருந்தால் தவிர.

குழுவில் போட்டி வைக்கிறீர்கள் என்றால் ஐந்து பேர் போதும். பட்டியலின் முதல் பத்திலிருந்து ஒருவர், 11க்கும் 40க்கும் இடையில் இருவர், அதற்குக் கீழே ஒருவர், ஐந்தாமவர் உங்கள் விருப்பம். நாலு பேரின் கணக்கை மட்டும் எடுங்கள். அப்போதுதான் ஒருவர் காயத்தால் விலகினாலும் சனிக்கிழமை ஆர்வம் இருக்கும். வெள்ளியோடு வெளியேறுகிறவருக்கு மிச்ச இரண்டு நாளும் நாளுக்கு 80 எழுதலாம். வெள்ளியோடு ஆட்களைக் கழிக்கிற வெட்டுக்கோடு போட்டிக்குப் போட்டி வேறு: மாஸ்டர்ஸில் முதல் 50 பேரும் சமநிலையும், யூ.எஸ். ஓபனில் 60, பிஜிஏயிலும் ஓபனிலும் 70. காணொளிக்கு டேட்டா செலவழிக்க விருப்பமில்லாதவர் அதிகாரபூர்வத் தளங்களின் புள்ளிப் பலகையைப் பார்த்தாலே குழி குழியாக விளங்கும்.

குழுவில் வருகிற சமநிலையை உடைக்க, வெல்கிற ஆட்டக்காரர் எடுக்கப்போகும் எண்ணை முன்கூட்டி எழுத வையுங்கள். முதலிடம் சமநிலையாகி பிளேஓஃப் (மேலதிகக் குழிகள்) வந்தால் என்ன என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள். மாஸ்டர்ஸில் 18ஆம் குழி, பிறகு 10ஆம் குழி என்று மாறி மாறி, ஒரு குழியில் முந்தியதும் முடிவு. யூ.எஸ். ஓபனில் இரண்டு குழிகளின் கூட்டுத்தொகை, பிஜிஏயிலும் ஓபனிலும் மூன்று குழிகள். அந்த அடிகள் 72 குழிக் கணக்கில் சேராது. இதை முதலே எழுதி வைக்காத குழுக்களில் திங்கள் காலை வாய்த்தர்க்கம் நிச்சயம், அதுவும் மாஸ்டர்ஸ் என்றால் எல்லோரும் விடியப்புறம் ஐந்து மணி வரை நித்திரை முழித்த கண்ணோடு.